மருத்துவ இதழில் எந்த மொழி, யார் பெயர்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் நாங்கள் சிலர் ஞாயிறு பிற்பகல்களில் கூடி மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கிறோம். தாதியர், குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஏ.எல். உயிரியல் படிக்கிற பிள்ளைகள் என்று பலரும் வருவார்கள். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன். ஆங்கிலக் கட்டுரையை வரிவரியாகத் தமிழில் சொல்வது என் பங்கு.

கட்டுரைக்குள் போவதற்கு முன்பே கேள்விகள் வந்துவிடும். ஏன் எல்லாம் இங்கிலீஷ்? ஏன் இத்தனை பெயர்? எங்கட ஆட்கள் எங்கே? முல்லைத்தீவில் இருந்து வருபவரும் செட்டிகுளத்தில் இருந்து வருபவரும் இதையேதான் கேட்கிறார்கள். அடிக்கடி வந்தவற்றை, கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"மருத்துவ இதழ் எண்டால் என்ன? பேப்பரில ஞாயிற்றுக்கிழமை வாற மருத்துவப் பக்கம் மாதிரியோ?"

இல்லை. பேப்பரில் வரும் பக்கம் நோயாளிக்கும் வீட்டாருக்கும் எழுதப்படுவது. மருத்துவ இதழ் என்பது வைத்தியர்களும் ஆய்வாளர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம். ஒருவர் தான் கண்டதை எழுதி அனுப்புவார். அதே துறையில் உள்ள இரண்டு மூன்று பேர் அதை வாசித்துக் கேள்வி கேட்பார்கள், திருத்தச் சொல்வார்கள், சில வேளை திருப்பி அனுப்பியும் விடுவார்கள். அதைத் தாண்டி வருவதுதான் அச்சேறும். இந்த வழக்கம் பரவலாக நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதற்கு முன் பெரும்பாலும் இதழை நடத்தியவரே வாசித்து முடிவெடுத்தார்.

ஒரு சொல்லை இப்போதே தெளிவாக்கிவிட வேண்டும். தமிழில் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவரும் ஆசிரியர், கட்டுரை எழுதியவரும் ஆசிரியர், இதழை நடத்துபவரும் ஆசிரியர். எங்கள் கூட்டத்தில் இதனால் அரைமணி நேரம் வீணானது உண்டு. இங்கே எழுதியவரைக் கட்டுரையாசிரியர் என்றும் நடத்துபவரை இதழாசிரியர் என்றும் சொல்கிறேன்.

"முதல் முதல் வந்ததும் இங்கிலீஷிலதானே?"

அப்படி இல்லை. 1628-ல் வில்லியம் ஹார்வி இரத்தம் உடலைச் சுற்றி ஓடுகிறது என்று காட்டினார். அவர் ஆங்கிலேயர், ஆனால் நூலை எழுதியது இலத்தீனில், அச்சிட்டது ஜெர்மனியின் பிராங்பர்ட்டில். அன்று படித்தவர்களின் பொது மொழி இலத்தீன். 1665-ல் பாரிசில் பிரெஞ்சிலும் லண்டனில் ஆங்கிலத்திலும் முதல் அறிவியல் இதழ்கள் வந்தன. அவை மருத்துவத்துக்கு மட்டுமானவை அல்ல. 1670-ல் ஜெர்மன் வைத்தியர்களின் கழகம் ஒன்று மருத்துவமும் இயற்கை அறிவியலும் கலந்த இதழைத் தொடங்கியது. அது இலத்தீனில் வந்தது. 1679-ல் பாரிசில் நிக்கொலா தெ பிளெஞி என்பவர் பிரெஞ்சில் ஒரு மருத்துவ மாத இதழ் நடத்தினார்.

அதாவது தொடக்கத்திலேயே இரண்டு போக்கும் இருந்தன. எல்லா நாட்டுப் படித்தவருக்கும் விளங்க வேண்டும் என்பவர் இலத்தீனில் எழுதினார். தன் ஊர் வைத்தியருக்கும் சவரக்கத்தியோடு அறுவையும் செய்தவருக்கும் விளங்க வேண்டும் என்பவர் தாய்மொழியில் எழுதினார். இந்த இழுபறி இன்றும் தீரவில்லை. 1798-ல் எட்வர்ட் ஜென்னர் அம்மைப்பால் பற்றி எழுதியபோது ஆங்கிலத்திலேயே எழுதினார். 1812-ல் பொஸ்டனிலும் 1823-ல் லண்டனிலும் தொடங்கிய இரண்டு இதழ்கள் இன்றும் உலகின் முன்னணி மருத்துவ இதழ்களாக இருக்கின்றன. இரண்டும் ஆங்கிலம்.

"அப்ப இலத்தீன் அடியோட போயிட்டுதா?"

உங்கள் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். நீலப் பேனையில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் 'மானே' என்றோ 'நொக்டே' என்றோ எழுதியிருக்கும். மானே என்றால் காலை, நொக்டே என்றால் இரவு. 'பி.டி.' என்பது நாளுக்கு இரண்டு தரம். 'டி.டி.எஸ்.' என்பது நாளுக்கு மூன்று தரம் எடுக்கவும் என்பதன் சுருக்கம். எல்லாம் இலத்தீன். மாங்குளத்தில் இருந்து பஸ் ஏறி வந்து துண்டு எடுத்து வரிசையில் நின்ற அம்மாவின் கையில், நானூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பாவின் மொழி இருக்கிறது. அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. மருந்து கொடுப்பவர் வாயால் சொல்வதுதான் அவருக்கான தமிழ்ப் பதிப்பு.

"பிறகு ஏன் உலகம் முழுக்க இங்கிலீஷ் ஆச்சு? வெள்ளைக்காரன் ஆண்டதாலயோ?"

எங்களுக்கு அது சரியான விடை. உலகத்துக்கு அது பாதி விடைதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மருத்துவம் படிக்க விரும்பியவர்கள் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் போனார்கள். ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் ஏறத்தாழச் சமமாக நின்ற காலம் அது. ஜப்பானிய வைத்தியர்கள் ஜெர்மன் கற்றார்கள். நோயாளியின் பதிவேட்டுக்கு ஜப்பானில் இன்றும் ஜெர்மன் சொல்லில் இருந்து வந்த 'கருதே' என்ற பெயர்தான்.

நான் கூட்டத்தில் எப்போதும் காட்டும் உதாரணம் பிரேசில். 1909-ல் கார்லோஸ் சாகஸ் என்ற வைத்தியர் ஒரு புதிய நோயையும் அதன் கிருமியையும் அதைப் பரப்பும் பூச்சியையும் சேர்த்தே கண்டுபிடித்தார். அதை எழுதியது தன் நிறுவனம் அந்த வருடமே தொடங்கிய சொந்த இதழில். பக்கத்தைத் திறந்தால் இரண்டு நெடுவரிசை. ஒன்றில் போர்த்துக்கேயம், மற்றதில் ஜெர்மன். தன் நாட்டு வைத்தியருக்கும் சொல்ல வேண்டும், உலகுக்கும் சொல்ல வேண்டும் என்றால் இப்படியும் செய்யலாம் என்று அந்தப் பக்கம் காட்டுகிறது. அதே இதழ் இன்று ஆங்கிலத்தில் வருகிறது.

இடையில் நடந்தது இரண்டு உலகப் போர்கள். முதலாம் போருக்குப் பிறகு ஜெர்மன் அறிஞர்களைச் சர்வதேச மாநாடுகளில் இருந்து ஒதுக்கினார்கள். ஹிட்லர் காலத்தில் யூத வைத்தியர்களும் ஆய்வாளர்களும் நாட்டை விட்டு ஓடினார்கள். 1945-க்குப் பிறகு ஆய்வுக்கான பணமும் ஆய்வுக்கூடங்களும் அமெரிக்காவில் குவிந்தன. கட்டுரைகளைத் தேடித் தரும் பெரிய அட்டவணையும் 1879-லிருந்து அமெரிக்காவில்தான் தயாரானது. அந்த அட்டவணையின் இன்றைய வடிவில் வேறு மொழிக் கட்டுரை ஒன்று வந்தால் அதன் தலைப்பை ஆங்கிலத்தில் மாற்றிச் சதுர அடைப்புக்குள் போடுவார்கள். அந்த அடைப்பைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு வெளித்திண்ணையில் உட்கார வைத்த விருந்தாளி நினைவுக்கு வருவார்.

"இலங்கையில எப்ப தொடங்கினது?"

1887. அந்த வருடம் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் இலங்கைக் கிளை கொழும்பில் உருவானது. அதன் இதழும் அப்போதே தொடங்கியது. அந்தச் சங்கம்தான் இன்றைய இலங்கை மருத்துவச் சங்கம். நாடு 1972-ல் சிலோன் என்ற பெயரை விட்டது, இதழ் விடவில்லை. சிலோன் மெடிக்கல் ஜேர்னல் என்றுதான் தொடர்ந்து வந்தது. தொடக்கத்தில் எழுதியவர்களில் காலனித்துவ அரசின் வைத்தியர்கள் முன்னிலையில் இருந்தார்கள். பிறகு கொழும்பு மருத்துவக் கல்லூரியில் படித்த உள்ளூர் வைத்தியர்கள் வந்தார்கள். அந்தக் கல்லூரி 1870-ல் தொடங்கியது. எழுதியவர்கள் மாறினார்கள், மொழி மாறவில்லை.

"அந்தப் பழைய எழுத்துகளில எங்கட வன்னி வருதா?"

வருகிறது, ஒரு நோயின் பெயராக. வன்னிக் கிராமங்களையும் அதற்குத் தெற்கே உள்ள குளத்து நாட்டையும் அந்தக் காலத்தில் வாட்டிய ஒரு புண் நோய் இருந்தது. சனம் அதைப் பறங்கி என்றது. பறங்கியர் கொண்டுவந்த வருத்தம் என்ற எண்ணத்தில் வந்த பெயர். 1881-ல் அன்றைய தலைமை வைத்திய அதிகாரி கின்சி அதைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். தலைப்பிலேயே 'பறங்கி' என்ற சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் வைத்தார். 1905-ல் கொழும்பில் வேலை செய்த இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்டெலானி பறங்கிப் புண்ணில் சுருள் வடிவ நுண்ணுயிரைக் கண்டு எழுதினார். அவரும் தலைப்பில் அந்தச் சொல்லை விடவில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சித்த வைத்தியத்தில் பறங்கிப்புண் என்றால் பால்வினையால் வரும் கிரந்தி நோய். இலங்கைக் கட்டுரைகளில் வரும் பறங்கி வேறு, அது தோலோடு தோல் பட்டுப் பிள்ளைகளுக்கே அதிகம் தொற்றியது. இரண்டுக்கும் கிருமிகள் நெருங்கிய உறவு, நோய் வேறு. அகராதியை மட்டும் வைத்து மொழிபெயர்த்தால் ஒரு ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தகாத நோயைச் சூட்டிவிடுவோம்.

ஆக எங்கள் சொல் தலைப்பில் ஏறியது. எங்கள் சனத்தின் புண் நுண்ணோக்கியின் கீழ் போனது. எழுதியவர் பெயராக எங்கள் பெயர் வரவில்லை. கஸ்டெலானியின் உழைப்பை நான் குறைக்கவில்லை, அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் கீழே வரும் கேள்விகளுக்கெல்லாம் அடியில் இந்தக் கதை கிடக்கிறது.

"தமிழில ஒருத்தரும் ஆங்கில மருத்துவத்தை எழுதவே இல்லையா?"

எழுதினார்கள், நிறையவே. 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் கிராமத்தில் நிற்காமல் அரச வேலைக்குப் போவதைப் பார்த்து, 1860-களில் தமிழுக்கு மாற்றினார். அதற்குப் பாடநூல் வேண்டும். அவருடைய மாணவர்கள் மொழிபெயர்க்க, அவர் பார்த்துத் திருத்தினார். 1867-ல் அறுவை பற்றிய இரண வைத்தியம், 1872-ல் உடற்கூறு பற்றிய மனுஷ அங்காதிபாதம், 1875-ல் இரசாயனம் பற்றிய கெமிஸ்தம் என்று வரிசையாக அச்சில் வந்தன. ஆங்கில மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் கிரேயின் உடற்கூற்று நூல் முதலில் வந்தது 1858-ல். பதினான்கே வருடத்தில் அது தமிழில் இருந்தது.

அங்காதிபாதம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பாதாதிகேசம் பாடிய புலவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். உடலை உறுப்பு உறுப்பாகச் சொல்லத் தமிழுக்குப் பழக்கம் உண்டு என்று அந்த மொழிபெயர்ப்பாளர்கள் அறிந்திருந்தார்கள். கெமிஸ்தம் என்பதில் ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் முடிவு கொடுத்துவிட்டார்கள். எது கிடைக்கிறதோ அதை எடுத்து வேலையை முடித்த துணிவு அது.

"அப்ப ஏன் நிண்டு போச்சு?"

கிறீன் 1873-ல் நாடு திரும்பினார், 1884-ல் இறந்தார். கொழும்பில் ஆங்கிலக் கல்லூரி வளர்ந்தது, அரச வேலைக்கு அதுவே வழி என்றாயிற்று. இவை எல்லாரும் சொல்லும் காரணங்கள். நான் இன்னொன்றையும் சொல்வேன். கிறீனின் மாணவர்கள் விட்டுப்போனது நூல்கள், இதழ் அல்ல. நூல் அச்சான நாளோடு நின்றுவிடும். இதழ் மாதாமாதம் புதுச் சொல் கேட்கும். அதற்கு எழுதுபவன் சொல்லைத் தேடியே ஆக வேண்டும். அப்படி ஒரு தமிழ் மருத்துவ இதழ் தலைமுறை தலைமுறையாக ஓடியிருந்தால் சுகரணம் என்ற சொல்லை நாங்கள் மறந்திருக்க மாட்டோம். கிறீன் காலத்தில் உடல் எப்படி இயங்குகிறது என்று படிக்கும் பாடத்துக்கு அதுதான் பெயர்.

"ஏ.எல். வரைக்கும் தமிழில படிச்சிட்டு பிறகு திடீரெண்டு இங்கிலீஷில படிக்கிறமே, அது ஏன்?"

பாடசாலையில் அறிவியல் தாய்மொழிக்கு மாறியது, மருத்துவ பீடங்கள் மாறவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978-ல் தொடங்கியது, அங்கும் ஆங்கிலம்தான். 1956-ல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது, 1987-ல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. இரண்டுமே மருத்துவ இதழின் மொழியைத் தொடவில்லை.

ஒட்சிசன், நொதியம், ஓமோன் என்று பாடம் பண்ணி மூன்று ஏ எடுத்த பிள்ளை, கம்பஸில் முதல் கிழமை அந்தச் சொற்களில் ஒன்றையும் காதால் கேட்காது. தெரிந்த விடயமே தெரியாததாகிவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களுக்குப் பாடம் தெரியும், பெயர்தான் மாறியிருக்கிறது. இரண்டு பெயரையும் ஒரே கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிற்காலத்தில் நோயாளிக்கு முன்னால் இருக்கும்போது அந்தக் கொப்பி உதவும்.

"பழைய கட்டுரையில ஒரு பெயர். இப்ப பார்த்தா இருபது பெயர். இருபது பேரும் இருந்து எழுதினவையோ?"

இருபது பேரும் பேனை பிடித்திருக்க மாட்டார்கள். முன்பு ஒரு வைத்தியர் தன் வார்டில் கண்டதைத் தானே எழுதினார். இப்போது ஒரு மருந்தைச் சோதிக்கப் பல ஆஸ்பத்திரிகள் வேண்டும். புள்ளிவிபரம் பார்க்க ஒருவர், இரத்தம் பரிசோதிக்க ஒருவர், படம் வாசிக்க ஒருவர் வேண்டும். 1993-ல் மாரடைப்பு மருந்து பற்றி அமெரிக்க இதழ் ஒன்றில் வந்த கட்டுரைக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர் ஆசிரியர்கள். 2015-ல் ஒரு பௌதிகக் கட்டுரைக்கு ஐயாயிரத்துக்கும் மேல்.

அப்படியானால் பெயருக்கு என்ன பொருள் என்ற கேள்வி எழுந்தது. 1978-ல் சில மருத்துவ இதழாசிரியர்கள் கனடாவின் வான்கூவரில் கூடினார்கள். அதில் இருந்து வளர்ந்த சர்வதேசக் குழு யார் கட்டுரையாசிரியர் என்று விதி எழுதியது. இன்றைய வடிவில் நான்கு நிபந்தனை. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவைச் சேர்ப்பதிலோ, அதை ஆராய்வதிலோ குறிப்பிடத்தக்க பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதவோ கருத்தோடு திருத்தவோ வேண்டும். கடைசி வடிவுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். ஏதும் பிழை என்று கேள்வி வந்தால் பொறுப்பேற்க வேண்டும். நான்காவது 2013-ல் சேர்ந்தது. நான்கும் ஒருவரிடம் இருந்தால்தான் பெயர்.

"முதல் பெயர்தான் பெரிய ஆளோ?"

பெரும்பாலும் முதல் பெயர் அதிகம் வேலை செய்தவர், கடைசிப் பெயர் வழிகாட்டியவர். கடிதத் தொடர்புக்கு என்று குறித்திருப்பவர் கேள்விக்குப் பதில் சொல்பவர். எல்லா இதழிலும் இது ஒரே மாதிரி இல்லை.

"நான் எட்டு மாதம் வீடு வீடாப் போய் படிவம் நிரப்பினன். கட்டுரையில என்ர பெயர் இல்லை. இது நியாயமோ?"

இதைக் கேட்டவர் ஒரு குடும்பநல உத்தியோகத்தர். வெயிலில் சைக்கிள் உழக்கிப் போனவர். கதவு திறக்காத வீட்டுக்கு மூன்று தரம் போனவர். கட்டுரையின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கம் வரைக்கும் விரலால் தடவித் தன் பெயரைத் தேடினார். நன்றி என்ற பகுதியில்கூட இல்லை.

மேலே சொன்ன நான்கு நிபந்தனைப்படி படிவம் நிரப்பியதால் மட்டும் ஒருவர் கட்டுரையாசிரியர் ஆக மாட்டார். ஆனால் நன்றியுரையில் பெயர் வந்தே இருக்க வேண்டும். என் கருத்து இன்னும் கொஞ்சம் கடுமையானது. தரவு சேர்ப்பது முதல் நிபந்தனைக்குள் வருகிறது. இரண்டாவது நிபந்தனை எழுதுவது அல்லது திருத்துவது. வரைவை அவரிடம் காட்டி 'அக்கா, இது சரியோ, சனம் இப்படித்தான் சொன்னதோ' என்று கேட்டிருந்தால் அவர் சொல்லும் திருத்தம் கருத்தோடுதான் இருக்கும். கேட்காமல் விட்டுவிட்டு, அவர் எழுதவில்லையே என்பது சரியல்ல. அந்தக் குழுவின் விதியே இதைச் சொல்கிறது: முதல் பங்கைச் செய்தவருக்கு எழுதவும் திருத்தவும் சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும்.

வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். 'சேர், என்ர பெயர் எங்க வரும்?' என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

"பிரிவுக்குப் பொறுப்பான ஐயா ஒண்டும் செய்யேல்லை. அவரின்ர பெயரைப் போடாட்டி கோவிப்பார். என்ன செய்யிறது?"

போடக்கூடாது. இடம் தந்தார், அனுமதி தந்தார் என்றால் நன்றியுரையில் மனமாரச் சொல்லுங்கள். இப்போது பல இதழ்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று பிரித்துக் கேட்கின்றன. பங்கை 14 வகையாகப் பிரித்த ஒரு பட்டியல் புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் படிவத்தை அவர் முன்னால் வைத்து 'ஐயா, உங்களை எதில குறிக்கட்டும்?' என்று கேட்டால் கோபம் இல்லாமலே காரியம் முடியும். நான் அறிய இரண்டு தரம் முடிந்திருக்கிறது.

"எங்கட பெயரை இங்கிலீஷில எப்பிடி எழுதுறது? ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு மாதிரி வருது."

எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். வெளிநாட்டு அட்டவணை கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுக்கும். தன் பெயர் கடைசியில் இருந்தால் அது பொருந்திப் போகும். கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்த பெண்களுக்கு ஆளே இரண்டாகப் பிரிந்துவிடும். இதோடு எழுத்துக்கூட்டலும் சேர்கிறது. தகரத்துக்கு ஒரு தரம் 'டி'யோடு 'எச்' போட்டும் இன்னொரு தரம் போடாமலும் எழுதினால், பத்துக் கட்டுரை எழுதியவர் ஐந்து ஐந்து எழுதிய இரண்டு பேர் ஆவார்.

முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தைத் தீர்மானியுங்கள், பிறகு மாற்றாதீர்கள். ஓர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் 2012-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பெயர் எப்படித் திரிந்தாலும் எண் ஒன்றுதான்.

"கேள்விப் படிவம் தமிழில இருந்தால் போதும்தானே? இந்தியாவில மொழிபெயர்த்தது ரெடியா இருக்கு."

போதாது. நானே ஒரு தரம் இதில் தவறினேன். தமிழ்நாட்டில் ஆக்கிய ஒரு படிவத்தைச் சரிபார்க்கச் சொன்னார்கள். 'கடந்த இரு வாரங்களில் உங்களுக்கு வருத்தம் இருந்ததா?' என்று ஒரு கேள்வி. தமிழ் சரி, எழுத்துப்பிழை இல்லை என்று விட்டுவிட்டேன். புதுக்குடியிருப்பில் முதல் நாள் ஓர் அப்பு 'ஓம் தம்பி, போன கிழமை காய்ச்சல், பிறகு தடிமன்' என்றார். எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். அவர்கள் கேட்டது மனக்கவலையை. அன்று நிரப்பிய படிவங்களை எல்லாம் ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று.

சத்தி என்றால் எங்களுக்கு வாந்தி, முட்டு என்றால் இழுப்பு. நெருப்புக்காய்ச்சல் என்றால் டைபாய்ட், சீனி வருத்தம் என்றால் நீரிழிவு. மன அழுத்தம் என்ற சொல்லை ஒருவர் பதற்றமான வேலைப்பளுவுக்கும் இன்னொருவர் மனச்சோர்வு நோய்க்கும் எழுதுகிறார்கள். எங்கள் சனமோ இரண்டையும் சொல்லாமல் 'ஒரே யோசினை' என்பார்கள். அந்த யோசினையைச் சிந்தனை என்று ஆங்கிலத்தில் பெயர்த்தால் வேதனை முழுக்கக் காணாமல் போய்விடும். படிவத்தை ஒருவர் தமிழாக்கி, அதைப் பார்க்காத இன்னொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி, பிறகு ஊரில் நாலு பேரிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

"பரம்பரை வைத்தியர் ஒருத்தரிட்ட ஏடு இருக்கு. அதில உள்ளதை ஆய்வு செய்தால் ஆர் ஆசிரியர்?"

நல்ல கேள்வி, கடினமான கேள்வி. எங்கள் பழைய மரபில் பெயர் வேறு விதமாக இயங்கியது. யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய நூல்களான செகராசசேகரமும் பரராசசேகரமும் ஆதரித்த அரசரின் பட்டப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. அகத்தியர் பெயரில் எத்தனையோ நூல்கள், எத்தனையோ காலத்தவை. பாடியவர் தன்னை மறைத்துக்கொண்டு குருவையோ அரசரையோ முன்னால் வைத்தார். அதைக் காரணம் காட்டி ஏட்டுக்கு உரியவர் இல்லை என்று இன்று நினைக்கக் கூடாது. ஏட்டைக் காத்தவர், பக்குவம் சொன்னவர், மூலிகையைக் காட்டில் காட்டித் தந்தவர் எல்லாரும் உரியவர்களே.

வைத்தியர் ஆய்வில் இணைந்து வரைவையும் கேட்டுத் திருத்தினால் அவர் கட்டுரையாசிரியர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது தடை இல்லை, தமிழில் வாசித்துக் காட்டலாம். இணைய விரும்பாவிட்டால், அவர் சம்மதிக்கும் அளவுக்கு மட்டும் எழுதுங்கள். சொல்ல வேண்டாம் என்ற பக்குவத்தைச் சொல்லாமல் விடுங்கள்.

"சண்டைக் காலத்து வன்னியைப் பற்றி ஏதும் இதழில வந்திருக்கா? அதில பட்ட ஆக்களின்ர பெயர் இல்லையே, அதுவும் பிழைதானே?"

வந்திருக்கிறது. 2010-ல் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியின் கூட்டு மனவடு பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே வன்னி என்ற பெயர் இருக்கிறது. இடம்பெயர்ந்தவர்களின் கதைகள், வரைந்த படங்கள், கடிதங்கள், கவிதைகள் அதற்குத் தரவு. அதை நாங்கள் வாசித்த அன்று பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஓர் அம்மா எழுந்து வெளியே போய் மாமரத்தடியில் நின்றார். எல்லாரும் காத்திருந்தோம். அவர் வந்து உட்கார்ந்து 'வாசியுங்கோ' என்ற பிறகுதான் தொடர்ந்தோம்.

அங்கே பெயர் இல்லாதது வேறு. குடும்பநல உத்தியோகத்தரின் பெயர் விடுபட்டது ஓர் உழைப்பை மறைத்தது. இங்கே பெயரை மறைத்தது ஆளைக் காத்தது. நோயாளியாகவோ பாதிக்கப்பட்டவராகவோ பேசியவரின் அடையாளம் அவர் சம்மதம் இல்லாமல் வெளிவரக் கூடாது. அந்தச் சம்மதமும் அவருக்கு விளங்கும் தமிழில், எதற்குச் சம்மதிக்கிறார் என்று தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். எந்தப் பெயரை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்பதை உரியவரிடமே கேட்பதுதான் வழி.

"சட்ஜிபிடிகிட்ட எழுத வைச்சால் அதையும் ஆசிரியராப் போட வேணுமோ?"

கூடாது. 2023-ல் அதே சர்வதேசக் குழு தெளிவாகச் சொல்லிவிட்டது. நான்காவது நிபந்தனை பொறுப்பு. இயந்திரம் பொறுப்பேற்காது. பயன்படுத்தினால் எங்கே, எப்படி என்று வெளிப்படையாக எழுத வேண்டும். மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்துபவர்கள் வருத்தம், யோசினை போன்ற சொற்களைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

"எங்களைப் பற்றி எழுதினதை எங்கட மொழியில கேக்கலாமோ? உரிமைப் பிரச்சினை வராதோ?"

கேட்கலாம். கட்டுரைச் சுருக்கத்தின் மொழிபெயர்ப்பைப் பின்னிணைப்பாக ஏற்கும் இதழ்கள் இருக்கின்றன. யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய புளோஸ் (PLOS) இதழ்கள் அப்படி ஏற்கும். ஆய்வுக் குழு உங்கள் ஊருக்கு வரும்போதே 'முடிவைத் தமிழில் ஒரு பக்கம் தருவீங்களோ?' என்று கேட்டுவிடுங்கள். சாகஸ் 1909-ல் முழுக் கட்டுரையையே இரண்டு மொழியில் எழுதினார். ஒரு பக்கச் சுருக்கம் பெரிய சுமை அல்ல.

ஏற்கனவே வந்தவற்றில், மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் உள்ளவற்றை, உரிமத்தில் மாற்றம் கூடாது என்று போட்டிராவிட்டால், யாரும் மொழிபெயர்க்கலாம். மூலக் கட்டுரையாசிரியர் பெயரையும் இதழின் பெயரையும் சொல்லி, இது மொழிபெயர்ப்பு என்றும் எழுத வேண்டும். 2010-ல் வந்த அந்த வன்னிக் கட்டுரை அத்தகைய திறந்த உரிமத்தில் உள்ளதுதான். அதன் சுருக்கத்தை இப்போது நாங்கள் தமிழாக்கி வருகிறோம். மாமரத்தடியில் நின்ற அந்த அம்மாதான் சொற்களைச் சரிபார்க்கிறார். கூட்டு மனவடு என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.